இடது காது அடைத்திருந்த வாரம்

உயிரோடுதான் இருக்கிறேன் என்பதைக் கருவூலத்தில் நேரில் காட்டிவிட்டு வர, கொல்லிமலையிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கினேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய சடங்கு. எனக்கு அப்போது கடுமையான சளி. சளியோடு மலை இறங்கினால் காது என்ன ஆகும் என்று செவிலியர் பள்ளியில் பணிக்காலம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். தெரிந்தேதான் பேருந்தில் ஏறினேன்.

பாடம் எளிது. செவிப்பறைக்குப் பின்னால் சின்னக் காற்றறை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு மெல்லிய குழல் ஒன்று இறங்குகிறது. பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை அதை இழுத்துத் திறக்கும். உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் அப்போது சமாதானமாகிக்கொள்ளும். சளியில் குழல் வீங்கினால் திறக்காது. இறங்க இறங்க வெளியே அழுத்தம் கூடும், செவிப்பறை உள்வாங்கும், அறைக்குள் நீர் கசியும். வளைவுக்கு ஒரு வரியாக என் பாடம் என் இடது காதிலேயே நடந்தது. அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் முடிந்தும்விட்டது.

கருவூல எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் புகைப்படத்தைப் பார்த்தார். நான் உயிரோடிருப்பது உறுதியானது.

மேலே ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காற்று சரியானது, கசிந்த நீர் உள்ளேயே தங்கிவிட்டது.

வலது காது எனக்கு முன்பே பாதி ஓய்வு பெற்றுவிட்டது. தொலைபேசிக்கு இடது காதுதான். ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து மகள் அழைப்பாள். அவள் அம்மா போன பிறகு மலைமேல் தேவனூர் நாட்டுப் பகுதியில் இந்தச் சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு நான் தனியாகக் குடிவந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்பா. கோயமுத்தூர்ல நல்ல ஹோம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். காது கேட்காமல் போவது அந்த 'ஏதாவது ஒண்ணு'க்குள் தாராளமாக அடங்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் காது திறந்தாக வேண்டும்.

முறைப்படி எல்லாம் செய்தேன். ஆவி பிடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, முரட்டுத்தனம் இல்லாமல், ஊதினேன். மூக்கைப் பிடித்தபடியே தண்ணீர் விழுங்கினேன். செய்முறைத் தேர்வாக இருந்தால் எனக்கு முழு மதிப்பெண். காது மட்டும் தேறவில்லை. என் மூச்சு என் தலைக்குள்ளேயே கேட்டது. வீட்டில் வேறு யாரும் மூச்சு விடாததால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

சனிக்கிழமை காலை பால் காய்ச்சும்போதுதான் புரிந்தது. கடைசியாக நான் வாய் திறந்தது திங்கட்கிழமை மலையேறிய பேருந்தின் நடத்துநரிடம், "செம்மேடு ஒண்ணு" என்று. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. தின்றதோ கஞ்சியும் ரசஞ்சோறும். மெல்ல வேண்டிய தேவையே இல்லாதவை. கொட்டாவி தொற்றிக்கொள்ளவும் எதிரே இன்னொருவர் வேண்டும். என் அண்ணத்துத் தசைக்கு வேலையே கொடுக்காமல் அதன்மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே பேச்சை மருந்தாக எடுத்துக்கொள்வதென்று, மிளகுக்கொடிகளைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனேன். கணவனும் மனைவியும் வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, அதிசயமா இந்தப் பக்கம்? வழி தவறிட்டீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"சும்மாதான் வந்தேன்."

"சும்மா வர்ற ஆளுங்களா நீங்க! உக்காருங்க, சொளை தின்னுங்க."

அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. என் குரலும் அங்கேதான் இருந்தது. கணவர் ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். கெண்டைக்காலில் நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தது.

"நரம்பு சுருட்டிக்கிச்சுங்க. மொளகு பறிக்க ஏணியில நின்னு நின்னே" என்றார்.

"அது நரம்பு இல்லைங்க. ரத்தக் குழாய்."

"நரம்புன்னுதானுங்க டாக்டரே சொன்னாரு."

"உங்களுக்காக அப்படிச் சொல்லியிருப்பார்."

"அப்ப உங்களுக்காக நான் மாத்திச் சொல்லோணுமாக்கும்?"

அந்த அம்மாள் குறுக்கே வந்தாள். "நரம்போ கொழாயோ, வலிக்கறது அவருக்குத்தானுங்க. நீங்க ஏன் சண்டைக்கு நிக்கறீங்க?"

நான் விடவில்லை. வாயில் சுளையை மென்றுகொண்டே விளக்கினேன். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை பிழிந்து ஏற்றிவிடும். குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள், மேலே போக விடும், திரும்பி இறங்க விடாது. அவை தளர்ந்துபோனால் ரத்தம் தேங்கும். படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

அவர் யோசித்தார். "நம்ம சாயங்கால பஸ்ஸு மாதிரியுங்களா? மேல ஏத்தி உட்டுரும். எறங்கறதுன்னா காலையிலதான்."

சிரித்துவிட்டேன். வாய் நிறையச் சுளை. அந்த நொடியில் இடது காதுக்குள் 'டக்' என்றது. கத்தி பலாப்பழத்தில் இறங்கும் சத்தம், கோழி கிளறும் சத்தம், எங்கோ குழாயில் தண்ணீர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்து விழுந்தன.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சு? கொட்டைய முழுங்கிட்டீங்களா சாமி?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். மருந்து வேலை செய்துவிட்டது. இனி இருக்கக் காரணம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மகள் அழைத்தாள்.

"சளி எப்படிப்பா இருக்கு?"

"போயிடுச்சு."

"ட்ரெஷரி போனீங்களா?"

"போனேன். உயிரோட இருக்கேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அவள் சிரித்தாள். அவள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது. "யாரும்மா?" என்று பேத்தி கேட்டதும் கேட்டது. "தாத்தா" என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னதும் கேட்டது.

"குரல் நல்லா இருக்குப்பா. நான்தான் தேவையில்லாம பயந்துட்டிருந்தேன். இங்க வாங்க, ஹோமுக்குப் போங்கன்னு இனிமே உங்களை நச்சரிக்க மாட்டேன். நீங்க அங்க நல்லாத்தான் இருக்கீங்க."

"ஆமா" என்றேன்.

ஒரு வாரம் பாடுபட்டது இதைக் கேட்கத்தான். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவள் இன்னும் ஒருமுறை நச்சரித்திருக்கலாம்.

அவள் வைத்த பிறகும் தொலைபேசி இடது காதிலேயே இருந்தது. ஒருமுறை விழுங்கிப் பார்த்தேன். குழல் ஒழுங்காகத் திறந்து மூடியது. காதில் குறை ஒன்றும் இல்லை.