சாப்ட்வேரோடு வந்த குரல்

என் சித்தப்பா பொய் சொல்கிறார். அந்தக் குரல் சாப்ட்வேரோடு வந்ததல்ல.

வீட்டுக்குள் இதைச் சொல்லிப் பார்த்தேன். "நாலாங்கிளாஸ் படிச்சப்ப நடந்ததுல உனக்கென்னடி தெரியும்?" என்று அப்பா முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அன்றைக்குத் தெரியாமல் போனதையும் எழுதுகிறேன்.

சித்தப்பா அப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தார். பின்னணிக்கு சினிமாப் பாட்டு போடுவார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, பெண் கண்ணைத் துடைக்கும்போது ஒன்று. ஜனங்கள் வீடியோவை இன்டர்நெட்டில் ஏற்ற ஆரம்பித்ததும் இதற்கு ஆபத்து வந்தது. பாட்டு யாருடையதோ அந்தக் கம்பெனி சத்தத்தையே நிறுத்திவிடும். நாகஸ்வரக்காரர் கன்னம் உப்பும், ஐயர் வாய் அசையும், ஒன்றும் கேட்காது. லால்குடியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினார்.

"எழவு வீட்டுலகூட சத்தம் இருக்கும்ங்க! எம் பொண்ணு கல்யாணத்துல இல்ல!"

தெருவே வேடிக்கை பார்த்தது. இனிமேல் இசையை நாமே செய்துகொள்வது என்று சித்தப்பா அன்றைக்கே முடிவு செய்தார். அதற்கு சாப்ட்வேர் வேண்டும். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அவருடைய நண்பர் இரண்டு சாப்ட்வேர்களைக் கொண்டுவந்தார், பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தது. ஜவுளிக்கடையில் முகூர்த்தப் புடவை எடுக்கிற மாதிரிதான் எடுத்தோம். சித்தப்பா ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார், ஆளாளுக்குக் குறை சொன்னோம்.

முதல் சாப்ட்வேரோடு கூடவே வரும் வாத்தியங்கள் கணக்கில் அடங்காதவை. எல்லாம் யாரோ எந்த ஊரிலோ வாசித்துப் பதிந்து வைத்த ஒலிகள். நண்பர் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் வயலின் வரும், பியானோ வரும், பெயர் தெரியாத தேசத்துப் புல்லாங்குழல் வரும். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். இந்தியா என்று பெயர் போட்டிருந்த பகுதியைத் திறந்தார். சிதாரும் தபலாவும் வந்தன.

"நாகஸ்வரம் எங்கடா?" என்றார் அப்பா.

நண்பர் ஷெனாயை வாசித்துக் காட்டினார்.

"இது டெல்லிக்காரன் வீட்டுக் கல்யாணம். நம்ம வீட்டுது இல்ல."

அடுத்து பெண்கள் கூட்டமாக 'ஆ' என்று பாடும் ஒலி. அதுதான் சித்தப்பாவுக்கு முக்கியம். பெண் அழும் இடத்தில் ஒரு பெண்குரல் ஹம்மிங் வந்தால்தான் கல்யாண வீட்டார் வீடியோவைப் பார்த்து அழுவார்கள். அழுதால்தான் அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். அம்மா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சர்ச்சுல பாடுற மாதிரி இருக்கே. தாலி கட்டுறப்ப இதைப் போட்டா ஃபாதர் வந்து நிப்பாரு" என்றார்.

அத்தையும் அன்றைக்கு வந்திருந்தார். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தார். மாமாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவார். நன்றாகப் பாடுவார். மேடைக் கச்சேரி எதுவும் செய்தவர் இல்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் கூடிப் பாடும்போது முதல் வரியை எடுத்துக் கொடுப்பது அவர்தான். ஆடி மாதம் காவிரியில் புதுத்தண்ணீர் வருவதைப் பற்றி அவரே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். சாப்ட்வேர் வந்ததும் முதலில் பதிவது அத்தையின் பாட்டுத்தான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அத்தை அதை நம்பி, பதினெட்டாம் பெருக்கன்று எல்லோருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டுவதாக குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அத்தை கேட்டார். "இதெல்லாம் இருக்கட்டும். எதுல பாட்டுப் பதியலாம்?"

"ரெண்டுலயும் பதியலாங்கக்கா" என்றார் நண்பர். "இந்த ரெண்டாவதுல கூட வர்ற வாத்தியம் கம்மி. ஆனா காலியா ஒரு வாத்தியம் குடுத்திருக்கான். நாம எதைப் பதிஞ்சு உள்ள போட்டாலும் அது வாசிக்கும்."

யாருக்கும் புரியவில்லை. நண்பர் காபி குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை மைக்குக்கு நேராகப் பிடித்துக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினார். அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டார். பிறகு கீபோர்டில் வாசித்தார். டம்ளர் ஸ ரி க ம பாடியது. நான் குதித்தேன். அப்பாவே சிரித்துவிட்டார்.

"இதையே வாங்குடா. கூட வர்றது கம்மியா இருந்தா என்ன, நம்ம வீட்டுலதான் பாட ஆள் இருக்கே" என்றார் அத்தை.

சித்தப்பாவின் மனசு முதல் சாப்ட்வேரில்தான் இருந்தது. அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் இரண்டாவதை வாங்கினார். அந்தக் கம்ப்யூட்டரில் எதை வைப்பது என்று முடிவு செய்ததே அத்தைதான். சித்தப்பா இதைச் சொல்வதே இல்லை.

பதிவுக்கு என்று முன்னறையைத் தயார் செய்தார்கள். சுவரோரமாக மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். ஃபேன் போடக் கூடாது. வைகாசிக் கடைசி வெயில். அம்மா மிக்சி போடாமலும் குக்கரை வைக்காமலும் பார்த்துக்கொள்வது என் வேலை. காக்கையை மட்டும் யாரும் நிறுத்த முடியவில்லை.

அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். மைக்குக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று மாமா கேட்டாராம். கையில் சுருதிப் பெட்டி இருந்தது. பாட்டை ஒரு தாளில் எழுதியும் கொண்டுவந்திருந்தார். அவருக்கு அது மனப்பாடம். ஆனாலும் எழுதியிருந்தார்.

"பாட்டு அப்புறம் அக்கா. மொதல்ல மைக்கு டெஸ்ட் பண்ணிடுவோம். ஒவ்வொரு ஸ்வரமா 'ஆ'ன்னு இழுத்துப் பிடி" என்றார் சித்தப்பா.

அத்தை பிடித்தார். கீழிருந்து மேலே, ஒவ்வொன்றாக. பிறகு அதையே மெதுவாக. பிறகு சத்தமாக. காக்கை கத்தினால் மறுபடியும். அத்தையின் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது.

"டேய், என்னடா இது, ஆஸ்பத்திரியில டாக்டர் மாதிரி ஆ காட்டு ஆ காட்டுங்கற?"

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. மைக்கு புதுசுல்ல."

சாயங்காலம்வரை மைக்கைத்தான் டெஸ்ட் செய்தார்கள். அதற்குள் அத்தையின் தொண்டை கட்டிவிட்டது. பாட்டை அடுத்த வாரம் பதியலாம் என்று சித்தப்பா சொன்னார். அத்தை வெந்நீர் குடித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். பஸ் நிறுத்தம்வரை நான் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சித்தப்பா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தையின் ஒவ்வொரு 'ஆ'வும் திரையில் ஒரு தடித்த புழு மாதிரி படுத்திருக்கும். ஒவ்வொரு புழுவுக்கும் முன்னால் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது மாதிரி தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். "மூச்சு. இது வேணாம், வாத்தியத்துல கேக்கும்" என்று சொல்லி சித்தப்பா வெட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாக வெட்டினார். எனக்கு அது நகம் வெட்டுவதைப் போலத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அத்தை வந்து அம்மாவோடு சமையலறையில் இருந்தபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு கட்டையை அமுக்கு பாப்பா" என்றார். அமுக்கினேன். அத்தை பாடினார். இன்னொன்றை அமுக்கினேன். அதற்கும் பாடினார். விரலை எடுத்தால் நிறுத்தினார், வைத்தால் பாடினார். சித்தப்பா என் கையை விலக்கிவிட்டு, பெண் கண் துடைக்கும் இடத்துக்கு அவர் யோசித்து வைத்திருந்த மெட்டை வாசித்தார். அத்தையின் குரல் அந்த மெட்டை ஒரு பிசகில்லாமல் பாடியது.

அத்தை ஈரக்கையோடு வந்து கதவருகில் நின்றார்.

"நான் இதைப் பாடலியே" என்றார்.

"பாடுனியேக்கா. தனித்தனியா."

அத்தை கொஞ்ச நேரம் கேட்டார். சித்தப்பா வாசித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எப்படி இருக்கு பாத்தியா? எவ்வளவு நேரம் இழுத்தாலும் இழுக்கும். தொண்டை கட்டவே கட்டாது. இனிமே நீ பஸ் ஏறிக்கூட வர வேணாம்!"

அத்தை சிரித்தார். "அது சரி. இதுல நான் எங்கடா மூச்சு விடுறேன்?"

சித்தப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை தமாஷ் செய்கிறார் என்று நினைத்தேன். "அத்தை, நீங்களும் அமுக்குங்க, உங்களை நீங்களே பாட வைக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கட்டையை அமுக்கினார். அடுப்பில் சுட்டுக்கொண்டவர் மாதிரி விரலை எடுத்துக்கொண்டார். அத்தைக்குக் கம்ப்யூட்டர் பயம் என்று அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

பாட்டுப் பதிவு அந்த வாரமும் நடக்கவில்லை, அடுத்த வாரமும் நடக்கவில்லை. ஆனிக்குள் முடிக்க வேண்டிய முகூர்த்த வீடியோக்கள் இருந்தன. மெத்தைகள் கட்டிலுக்குத் திரும்பின. அத்தை சில வாரம் சுருதிப் பெட்டியோடு வந்தார். பிறகு பெட்டி இல்லாமல் வந்தார். பிறகு விசேஷத்துக்கு மட்டும் வந்தார். பதினெட்டாம் பெருக்கன்று அத்தை குவார்ட்டர்ஸ் பெண்களோடு காவிரிக்கரையில் அம்மாமண்டபம் படித்துறைக்கு வந்திருந்தார். நாங்களும் போயிருந்தோம். "பாட்டு போடுறேன்னீங்களே, எங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"ரெக்கார்டிங்ல ஏதோ ரிப்பேராம்" என்றார் அத்தை.

எனக்குப் புரியவில்லை. ரிப்பேர் எதுவும் இல்லை, நன்றாக வேலை செய்கிறதே என்று நான் சொல்லப் போனேன். அத்தை என் வாயில் சர்க்கரை கலந்த அரிசியைப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு திருச்சியைச் சுற்றி எத்தனை பெண்கள் அத்தையின் குரலில் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா தில்லைநகரில் ஸ்டூடியோ போட்டார். கம்ப்யூட்டரை மாற்றினார், சாப்ட்வேரையும் மாற்றினார். அந்த வாத்தியத்தை மட்டும் ஒவ்வொன்றிலும் ஏற்றிக்கொண்டார். நண்பர்களுக்கும் கொடுத்தார் என்று கேள்வி. திறமைசாலி, இல்லை என்று சொல்லவில்லை. பெயர் சம்பாதித்தார்.

போன தை மாதம் அத்தை மகனுக்குக் கல்யாணம். பெண் திருவெள்ளறைப் பக்கம். ரிசப்ஷனில் பெரிய திரை வைத்து, காலை முகூர்த்தத்தில் சித்தப்பா எடுத்த வீடியோவைப் போட்டார்கள். பெண் அவள் அம்மாவைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அந்தக் குரல் வந்தது. மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் பெண்வீட்டார் சித்தப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பெண்ணின் பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க பாடினது? உருக்கிடுச்சுங்க" என்று கேட்டார்.

சித்தப்பா மைக்கை வாங்கிச் சொன்னார்: "யாரும் பாடலைங்க. சாப்ட்வேர்லயே கூட வர்றதுதான்."

கைதட்டினார்கள். அத்தை முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மாவாக உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார். பக்கத்தில் நான் இருந்தேன். அத்தை ஒரு பெரிய மூச்சை இழுத்து விட்டார். நாலாம் வகுப்பில் நான் சிரித்த கேள்வி தமாஷ் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த மாதம் சித்தப்பா இளைஞர்களுக்கு ஒரு இலவச வகுப்பு நடத்துகிறார். எந்த மியூசிக் சாப்ட்வேர் வாங்கலாம், எதில் கூட வரும் வாத்தியங்கள் நன்றாக இருக்கும் என்று சொல்லித்தரப் போகிறாராம். கேள்விகள் கேட்கலாம் என்று போஸ்டரில் போட்டிருக்கிறார். என் கேள்வி ஒன்றுதான். சித்தப்பா, அந்தக் குரல் எந்த சாப்ட்வேரோடு வந்தது? வீட்டுக்கு வந்து என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அப்பா மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். மைக்கில் சொன்ன பொய் அது. அத்தை வருகிறார், நான் அழைத்து வருகிறேன். எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.