தீக்கதவுக்கு நிலை அடித்த மாமா

என் அக்காள் புருஷன் தச்சர். ஆனால் அளவு டேப்பைத் தொட மாட்டார். தொட்டால் கௌரவம் போய்விடுமாம். "கண்ணு எதுக்கு இருக்கு மாப்ள?" என்பார். அந்தக் கண்ணால் அளந்து செய்த அக்காளின் அலமாரி இன்றுவரை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

புதிதாகக் கட்டும் விடுதியில், தீ பரவாமல் தடுக்கும் கதவுக்கு நிலை அடிக்கும் வேலை இந்த மகானிடம் வந்தது. நானும் கூடப் போய்த் தொலைத்தேன். மரத்தைக் கண்ணாலேயே அளந்து அறுத்தார், மூலைகளைப் பூட்டி, தூக்கி நிறுத்தினார். சுவருக்கும் நிலைக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைந்தது. மாமா அசரவில்லை. பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மேலே பட்டி பூசி மறைத்தார்.

"தீக்கதவுல போய் பேப்பரை அடைக்கிறீங்களே மாமா?"

"வெளிய தெரியுதா? அப்புறம் என்ன?"

பார்க்க வந்த இன்ஜினீயரிடம், "தீயோட பாட்டன் வந்தாலும் தாண்ட மாட்டான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தக் குஷியில் மாமா சிகரெட்டை வாயில் வைத்தார். தீக்குச்சியை உரசப் போனவர், நிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றாகத் தள்ளிப் போய் நின்று பற்ற வைத்தார்.