திங்கட்கிழமைக் கையெழுத்து

எனக்குக் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதுவே எனக்கு வினையாகப் போனது. காவல்துறையில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஆளை வெயிலில் நிறுத்த மாட்டார்கள். நிலையத்து மூலையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்து ‘ரைட்டர்’ என்று பெயரும் வைத்துவிடுவார்கள். கடலோரத்து நிலையம் ஒன்றில் நான் அப்படிப் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். ஏர்வாடிக்குப் போகிற சாலையில் எங்கள் ஆட்கள் வண்டி மறிப்பார்கள், அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ரைட்டரின் முதல் வேலை பொது நாட்குறிப்பு. நாங்கள் ஜி.டி. என்போம். யார் வந்தார், யாரைப் பிடித்தோம், யாரை அனுப்பினோம் எல்லாம் மணி நிமிடத்தோடு அதில் ஏறிவிட வேண்டும். காலை எட்டு மணிக்குப் பக்கத்தை முடிப்போம். இன்ஸ்பெக்டர் அதைப் படித்து, கீழே ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார். அடியில் கார்பன் வைத்து எழுதுவதால் இன்னொரு பிரதியும் இருக்கும். தபால் கொண்டுபோகிற காவலர் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எங்கள் நிலையத்தில் இது நிற்கவில்லை. பாதி நாள் நெட் கிடைக்காது, கிடைக்கிற நாளில் கரண்ட் இருக்காது.

பழைய இன்ஸ்பெக்டர்கள் எல்லாம் தங்கம் என்று நான் கதை விட மாட்டேன். எனக்கு முதலில் வாய்த்தவர் பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஜி.டி. புத்தகத்தையே என் மேல் விட்டெறிந்தார். ஆனால் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எறிந்தார். கட்சிக்காரர்கள் அன்றைக்கும் போன் பண்ணினார்கள். அவர் “பாக்குறேங்க” என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “போன் வந்துச்சுன்னு எழுதும்மா, பேரோட எழுது” என்பார். அது பிடிக்காமல்தான் அவரை மாற்றினார்கள்.

அப்புறம் வந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. கடைசியாக வந்தவரை மட்டும் சொல்கிறேன். சர்வீஸில் பெரும்பகுதி யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் பாதுகாப்பாகக் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர். எங்கள் நிலையத்தில் பொறுப்பேற்கும் முன்னால் சால்வையும் எலுமிச்சம்பழமுமாக ஒன்றியச் செயலாளர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். அந்த ஒன்றியச் செயலாளர் சிபாரிசில்தான் அவருக்கு இந்த நிலையமே கிடைத்தது என்பது ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். உடுப்பில் இருந்துகொண்டே அந்த ஆளை “அண்ணே, அண்ணே” என்று குழைவார். கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பத்து மணிக்கு முன்னால் அவர் நிலையத்துக்கு வந்ததில்லை. எட்டு மணிப் பக்கத்தில் யார் கையெழுத்துப் போடுவது? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமை வந்ததும், “அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாம்மா” என்பார். வருகிற ஏழு நாளுக்கும் வெற்றுப் பக்கத்தின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதி, வரிசையாக ஏழு கையெழுத்துப் போட்டுவிடுவார். கார்பனிலும் அது நன்றாக விழும், அழுத்திப் போடுகிற கை. மேலே நான் எழுதி நிரப்புவேன். முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. நானும் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வந்த மூன்றாவது மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அடிதடி. அடித்தது கட்சிக்காரர் மகன். தபால் போகும் முன்னால் இன்ஸ்பெக்டர் போன் பண்ணி வேறு பெயரை எழுதச் சொன்னார். நான் தாளைக் கிழித்து, கார்பன் பிரதியையும் கிழித்து, புதிதாக எழுதினேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பையன் உள்ளே போனான். போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தவன் அவன். கேஸ் இருக்கிறவனுக்கு அந்த வேலை கிடைக்காது. இதை எழுதும்போதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். பங்குனி மாதம், காலை ஆறரை மணி. எங்கள் சப் இன்ஸ்பெக்டர், சின்ன வயதுக்காரர், சாலையில் ஒரு வேனை மறித்திருக்கிறார். உள்ளே பத்துப் பதினைந்து சாக்கு. அவித்துக் காயவைத்த கடல் அட்டை. பிடிக்கவே கூடாது என்று தடை போட்ட உயிர், அக்கரைக்கு, இலங்கைக்குக் கடத்துகிற சரக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு மிளகாய் மூட்டை. வேனை ஓட்டி வந்தவன் ஒன்றியச் செயலாளரின் மச்சினன். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் பக்கத்து ஊர் விவசாயக் கூலி, நாற்பது வயதுக்காரர்.

மிளகாய் மூட்டை மட்டும்தான் அவருடையது. குத்தகைக்கு எடுத்த கொஞ்ச நிலத்தில் விளைகிற மிளகாயை ஏர்வாடி தர்கா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சில்லறையாகக் கொடுக்கிறவர். அன்றைக்கு அவர் ஊருக்குக் காலை பஸ் வரவில்லை. கை காட்டினார், வேன் நின்றது, ஏறினார்.

“மூட்டைய மேல போட்டுக்கன்னு அவருதேன் சொன்னாரும்மா. நல்ல மனுசன்னு நெனச்சேன்” என்றார் என்னிடம்.

மச்சினன் ஏற்கெனவே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு போன் பேசிக்கொண்டிருந்தான். சப் இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வண்டி எண், ஓட்டியவர் பெயர், வழியில் ஏறியவர் பெயர், மிளகாய் மூட்டை தனி. எட்டு மணிக்குப் பக்கத்தை முடித்தேன். கார்பன் பிரதியை எடுத்து உறையில் போட்டு ஒட்டி, தபால் காவலரிடம் கொடுத்தேன். அவர் பையை மாட்டிக்கொண்டு எதிரே பஸ் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போனார்.

ஒன்பதரைக்குக் கூலிக்காரரின் மனைவி வந்து சேர்ந்தார். தலையில் போட்ட துண்டை எடுக்கக்கூட இல்லை, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“எங்க வீட்டு ஆள அனுப்பிவிட்ருங்கம்மா. களத்துல மெளகா பூராம் காயுது. மேக்க மேகம் கூடுது. நான் ஒருத்தியா அள்ள முடியாதும்மா. ஒரு வருசப் பாடு அது.”

சன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்கே கருத்துத்தான் கிடந்தது. நனைந்தால் மிளகாய் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும், சீண்ட ஆள் இருக்காது. நான் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள், எனக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம். “இன்ஸ்பெக்டர் வந்ததும் போயிரலாம்த்தா, இங்கனயே உக்காரு” என்றேன்.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். மச்சினனைப் பார்த்ததும், “தம்பி, டீ சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். உள்ளே போய், “அண்ணே, நான் பாத்துக்கிறேண்ணே, கவலய விடுங்க” என்று போனில் பேசினார். வெளியே வந்து சப் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

“மேல இருந்த மூட்ட யாருது?”

“அந்தக் கூலிக்காரருது சார்.”

“அப்ப கீழ இருக்கிறதும் அவனுதுதான். வண்டிய ஓட்டிட்டு வந்ததும் அவன்தான். தம்பி லிஃப்ட் கேட்டு ஏறினவரு. வனத்துறை ஆளுக மத்தியானம் வாராங்க, அதுக்குள்ள பேப்பரை மாத்துங்க.”

கூலிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். “அய்யா, எனக்குச் சைக்கிளே நாலு தடவ விழுந்துதான்யா வந்துச்சு. வேன எப்படிய்யா ஓட்டுவேன்?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல பிள்ளைதான். வேலைக்கு வந்து இரண்டு வருடம், என்ன செய்வார் பாவம்.

இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு வந்தார். “காலையில எழுதுன பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுதும்மா. அன்னைக்கு மண்டபத்துக் கேஸுல எழுதுனியே, அதே மாதிரி.”

அதே மாதிரி! அந்த வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் தபால் காவலர் பையை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணி பஸ் பத்தேகாலாகியும் வரவில்லை. காலையில் கூலிக்காரர் ஊருக்கு வராமல் போனதே, அதே பஸ்தான். எங்கேயோ படுத்துக்கொண்டது.

நான் எழுந்து நின்றேன். பதினோரு வருடத்தில் அந்த மேசையில் பொய் எழுதியது ஒரு தடவை. பொய் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“கார்பன் டி.எஸ்.பி. ஆபீஸுக்குப் போயிருச்சு சார்.”

“எந்தக் கார்பன்?”

அவர் கேட்டது நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஒரு காவல் நிலையத்தின் தலைமை அதிகாரிக்கு, தினமும் தன் பெயரில் போகிற தபால் எதுவென்று தெரியவில்லை. கூனிக் குறுக வேண்டியது அவர்தான், ஆனால் வெட்கம் எனக்கு வந்தது. விளக்கிச் சொன்னேன்.

“நான் கையெழுத்துப் போடாம எப்படிப் போச்சு?”

“கையெழுத்து இருக்கு சார். படிச்சுச் சரிபார்த்தேன்னு இருக்கு.”

“நான் எப்பப் போட்டேன்?”

“திங்கக்கெழம சார்.”

வாசலில் பாரா நின்ற காவலர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சன்னலோரம் போய் நின்று யோசித்தார். நேர் எதிரே, இருபதடி தூரத்தில் தபால் காவலர். உடுப்பு மாட்டவில்லை, தபாலுக்குப் போகும்போது அவர் சாதாரணச் சட்டைதான் போடுவார். கடலைத் தோலை ஊதிக்கொண்டே இவரைப் பார்த்துச் சின்னதாக ஒரு வணக்கமும் வைத்தார். எட்டு மாதம் ஒரே நிலையத்தில் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. யாரோ மனுக் கொடுக்க வந்தவர் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் பஸ் ஆரன் சத்தம் கேட்டது. தபால் காவலர் எழுந்து, வேட்டியில் கடலைத் தோலைத் தட்டி, ஆற அமர ஏறினார். ‘ஏறித் தொலைங்கண்ணே’ என்று வாய்க்குள்ளேயே திட்டினேன். பஸ் புறப்பட்டு வளைவில் மறைந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்குள் டி.எஸ்.பி. அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டது. டி.எஸ்.பி. எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முத்திரை விழுந்த காகிதத்தை மாற்றித் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர் இல்லை. இன்ஸ்பெக்டர் மூன்று தடவை போன் பண்ணிப் பார்த்தார். மூன்றாவது தடவை எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, “யெஸ் சார், என் கையெழுத்துதான் சார்” என்று எழுந்து நின்றே சொன்னார். கையெழுத்து தன்னுடையது இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமைக் கதை வெளியே வந்துவிடும். வனத்துறைக்காரர்கள் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூலிக்காரரை விசாரித்து அனுப்பலாம் என்று ஆனது.

மணி இரண்டு இருக்கும். அவர் மிளகாய் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். மனைவி முந்தானையை இழுத்துச் சொருகி, “வெரசா வாங்க, தூத்தல் விழுகுது” என்று வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அவர் நாலு எட்டு போனவர் திரும்பி என் மேசைக்கு வந்தார். மூட்டைக்கு அடியில் கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

“யம்மா, இதனால ஒங்களுக்கு ஏதும் வந்துருமா?”

உடுப்புப் போட்ட ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. சிறைக்குப் போகவிருந்த மனிதர், மழைக்கும் மிளகாய்க்கும் நடுவே நின்று கேட்கிறார். “எனக்கென்ன வரும்? நீங்க ஓடுங்கண்ணே, மெளகாய அள்ளுங்க” என்று விரட்டினேன்.

என்ன வரும் என்று தெரியாமல் இல்லை. அந்த வாரமே என்னை மாற்றினார்கள். தனுஷ்கோடிப் பக்கம், சுற்றுலா வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வேலை. கையெழுத்துக்கு வேலையே இல்லாத இடம், உப்புக் காற்றும் வெயிலும்தான். நான் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் இதைவிடப் பெரிய நிலையத்துக்குப் போனார். சிபாரிசு இருக்கிறவரைக்கும் அவர் போய்க்கொண்டேதான் இருப்பார்.

ஆனால் அதெல்லாம் அப்புறம் நடந்தது. அவர்கள் இரண்டு பேரும் தூற்றலில் ஓடியதைப் பார்த்துவிட்டு நான் திரும்பி உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்குப் பிறகு தொடங்கிய அடுத்த பக்கத்தைத் திறந்தேன். புதுக் கார்பன் ஒன்றை எடுத்து வைத்தேன். கூலிக்காரரை அனுப்பிய நேரத்தை எழுதினேன். அதற்குக் கீழே, என் கையெழுத்திலேயே மிகத் தெளிவான கையெழுத்தில், இதையும் எழுதினேன்: ‘பிடிபட்டவர் பெயரை மாற்றுவதற்காகக் காலைப் பக்கத்தைக் கிழிக்குமாறு ஆய்வாளர் வாய்மொழியாக உத்தரவிட்டார். நான் கிழிக்கவில்லை. முன்பு மண்டபத்து வழக்கில் அவர் சொல்லிக் கிழித்தேன். அது தவறு.’

பக்கத்தின் அடியில் சரிபார்த்தேன் என்று அவர் கையெழுத்து திங்கட்கிழமையே விழுந்து கிடந்தது.