கம்பிச் சிலுவை

லாய்ட் ட்வேட்டன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். வடக்கு மின்னசோட்டாவில் அதைப் பெரிய குணமாக யாரும் சொல்ல மாட்டார்கள். வரி கட்டுவதுபோல எல்லாரும் செய்வதுதான். ஆனால் லாய்ட் அதிலும் ஒரு படி மேல். உப்பு மேசையின் மறுகோடியில் இருந்தால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து, சமையல் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போவார். தானியக் கிடங்கில் எடைபோட்டு ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான்.

ரேடியோ பேஸ்பாலுக்காக. அவர் பிறந்தது தெற்கு அயோவாவில். அங்கே செயின்ட் லூயிஸ் அணி என்றால் குலதெய்வம். ஊர் முழுக்க மினியாபொலிஸ் அணிக்குக் கைதட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பொழுது சாய்ந்ததும் குமிழைத் திருகி, அறுநூறு மைலுக்கு அப்பாலிருந்து வரும் வர்ணனையைப் பிடிப்பார். பகலில் வராத நிலையம், இருட்டினால் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல வரும்.

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் சோலும் ஒரு மேசை விளக்கு வாங்கும் வரை அப்படித்தான் இருந்தது.

அது தொட்டால் எரியும் விளக்கு. லாய்டின் வீட்டுக்குத் தெற்கே இருந்த தன் வீட்டில், அவர் கூடத்தைப் பார்த்த ஜன்னலில் அதை வைத்தாள் ஆர்டிஸ். அவளும் துணையை இழந்தவள். முதல் நாள் வேலியருகே பேச்சு வற்றிப்போன நேரத்தில், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று லாய்ட் சொன்னார்:

"விளக்கு மோசமில்லீங்க, ஆர்டிஸ்."

அந்தப் பக்கத்தில் இது கவிதைக்குச் சமம். அன்றிலிருந்து ஆர்டிஸ் ஒரு மாலைகூடத் தவறாமல், அவருக்காகவே அதை ஏற்றினாள். ஏற்றிய கணமே லாய்டின் ரேடியோவில் குளவிக்கூடு கலைந்ததுபோல ஒரு இரைச்சல் கிளம்பும். அவள் படுக்கப் போகும்போதுதான் அடங்கும். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

"போய் அணைக்கச் சொல்லேன்யா," என்றார் காப்பிக்கடை சிநேகிதர் எல்டன்.

"அவங்க வீடு, அவங்க கரண்ட்டு."

"அப்ப ரேடியோவ வித்துடு."

"ரேடியோ மேல என்ன தப்பு?"

"தப்பு உன் வாய் மேலதான். திறக்க மாட்டேங்குதே."

வாயைத் திறப்பதைவிட ஆன்டெனா கட்டுவது சுலபமாகப் பட்டது லாய்டுக்கு. ஆளுயரச் சட்டங்கள் இரண்டைக் குறுக்காக அறைந்து, நான்கு முனைகளையும் சுற்றிச் செம்புக் கம்பியை ஓட்டி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, அலைவரிசையைப் பிடித்துக்கொடுக்கும் கண்டென்சரை அதில் கோத்தார். ரேடியோவுக்கு அருகில் நிறுத்தினாலே போதும், ஒலி பொங்கும். திருப்பினால் ஒரு திசையை அறவே காதில் போட்டுக்கொள்ளாது. இந்த வித்தையைத்தான் அவர் நம்பினார். விளக்கின் பக்கம் செவிடாக்கினார், இரைச்சல் மறைந்தது. செயின்ட் லூயிஸும் மறைந்தது. இரண்டும் தெற்கே ஒரே கோட்டில் இருந்தன.

ஆகவே கோட்டை விட்டு விலக, சட்டத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறை அறையாக அலைந்தார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, மெல்லத் திருப்பி, கண்ணை மூடிக் காதுகொடுத்தார். கடைசியில் வீட்டின் கிழக்குக் கோடியிலிருந்த குளியலறையில் வழி கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் விளக்கு தென்மேற்கே, செயின்ட் லூயிஸ் தெற்கே. ஆனால் குளியல்தொட்டிக்குள் உட்கார்ந்தால்தான் சரியாக வந்தது. தண்ணீரில்லாத தொட்டியில், கோட்டு மாட்டிக்கொண்டு, தலையணை வைத்து உட்கார்ந்தார்.

ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தது வேறு. ஒரு மனிதர் பெரிய சிலுவையைச் சுமந்து அறை அறையாகப் போகிறார், அதை அவள் வீட்டை நோக்கித் திருப்புகிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். அவர்களுடைய லுத்தரன் சபையில் யாரும் பக்தியை இவ்வளவு வெளிப்படையாகக் காட்ட மாட்டார்கள். ஆள் கத்தோலிக்கராகிவிட்டாரோ என்று முதலில் பயந்தாள். பிறகு, தனக்காக இப்படி உருகி ஜெபிக்கிற மனிதரிடம் சபைக் கணக்கு பார்ப்பது அழகல்ல என்று சமாதானமானாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் செயின்ட் லூயிஸ் மேலே போகும்; தோற்றால் அடுத்த வருஷம் வரை ஒன்றுமில்லை. லாய்ட் தொட்டியில் கால் நீட்டியபோது கதவு தட்டப்பட்டது. ஆர்டிஸ். கையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சட்டி.

"ஐயோ, எதுக்கு சிரமம். வேண்டாங்க."

"சும்மா மிஞ்சினதுதான்."

"இல்லீங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"ஒரு வாய்தானே."

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால."

இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஏற்பதுதான் ஊர் மரியாதை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் அதே வசனம்தான்.

விருந்தாளியை வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார முடியாது. மனம் உடைந்து ரேடியோவைச் சமையலறைக்கு எடுத்துவந்து போட்டார். இரைச்சலே இல்லை. ஆளில்லாத வீட்டில் விளக்கை எரியவிடும் ஊதாரி அல்லவே ஆர்டிஸ், அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். லாய்டுக்கு விளங்கியது: இவள் இங்கே இருக்கும்வரைதான் ஆட்டம்.

கடைசிச் சுற்றில், செயின்ட் லூயிஸுக்கு ஒரு ஓட்டம்தான் முன்னிலை என்ற கட்டத்தில், ஆர்டிஸ் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, அப்ப கிளம்பறேன்."

லாய்ட் வாயைத் திறந்தார்.

"இருங்களேன், ஆர்டிஸ்."

அவள் திகைத்து நின்றாள். லாய்ட் ட்வேட்டன் கேட்கிறார்.

"இல்ல லாய்ட், நேரமாச்சு," என்று கோட்டில் ஒரு கையை நுழைத்தாள்.

"கொஞ்சம் இருங்க. எனக்காக."

"ஊர் என்ன சொல்லும்? வேண்டாம்."

எதிரணி ஆள் மூன்றாம் தளத்தில் நின்றான்; அவன் ஓடி வந்துவிட்டால் ஆட்டம் சமன். லாய்ட் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க போனா எல்லாம் போச்சுங்க. தயவுசெஞ்சு இருங்க."

ஆர்டிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால. வசந்த காலத்துல வச்சுக்கலாம். பாஸ்டர்கிட்ட நானே பேசிடறேன்."

செயின்ட் லூயிஸ் ஜெயித்தது. ஆர்டிஸ் சொன்னதும் லாய்டின் காதில் தெளிவாகவே விழுந்தது. அவர் கேட்டது அதுவல்ல என்று திருத்தலாம். ஆனால் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஒப்புக்கொண்டவளிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு மரியாதைக்கேடு.

"மோசமில்லீங்க," என்றார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆர்டிஸ் துணிமணி, சட்டிபானைகளோடு விளக்கையும் கொண்டுவந்து கூடத்து ஜன்னலில் வைத்தாள். அவருக்குப் பிடித்த விளக்காயிற்றே. இப்போது பேஸ்பால் நாட்களில் லாய்ட் சட்டத்தையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் அவள் பழைய வீட்டுக்குப் போய்விடுகிறார். அங்கே இரைச்சல் அவ்வளவாக இல்லை. எந்த அறையிலும் உட்காரலாம். பழக்கதோஷம், தொட்டியில்தான் உட்காருகிறார்.

"மனுஷன் எங்கே?" என்று எல்டன் வந்து கேட்டால், ஆர்டிஸ் விளக்கைத் தொட்டு ஏற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

"ஜெபத்துல இருக்கார். தொந்தரவு பண்ணாதீங்க."