பூவாடைக்காரிக்குப் பாவாடை

தொண்ணூறுகளின் ஆரம்பம். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. பொழிச்சலூரில் வாடகை வீடு. எனக்குப் பம்மலில் தோல் கம்பெனி வேலை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வூட்டுப் பூவாடைக்காரிக்கு இன்னா வைப்பீங்க?"

குடும்பத்தில் செத்துப்போன பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றடியில் கூப்பிட்டு, புதுத்துணி வைத்துப் படைப்போம். அவள்தான் பூவாடைக்காரி. சுமங்கலி என்றால் புடவை. கன்னி என்றால் பாவாடை. அந்தத் துணி பிறகு கல்யாணப் பெண்ணுக்கு.

"பாவாடைதான்" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "கன்னியா போனவ துணியோட வர்ற பொண்ணுக்குப் புள்ள தங்காதும்பாங்க. யோசிச்சிச் சொல்றோம்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "புடவைன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே? சாமி வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"பொய் சொல்லிக் கட்டிக்கொடுக்க முடியாது."

மகள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

தாத்தாவின் அத்தை ஒருத்தி, சின்ன வயசில் செத்தவள் என்று சொல்வார்கள். அதற்கு மேல் தெரியாது. தாத்தா பாவாடை வைத்தார், அப்பாவும் நானும் வைத்தோம். தாத்தாவின் அப்பா தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர். எங்கள் குலதெய்வம் இருக்கும் ஊர்தான் அவர் ஊர். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே.

அவள் யார் என்று விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி நடந்தேன்.

குலதெய்வக் கோயில் பூசாரியிடம் கேட்டேன். "பஞ்சத்துல போன வகையறாவா? ஏரிக்கரை ஓரம் ஓட்டு வூடு. அங்க கேளு" என்றார்.

அங்கே அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்று ஆரம்பித்தேன். தாத்தாவின் அப்பா பேரைச் சொன்னேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாக்கா?"

"அது எங்க மாமனார் பேரு. நான் சொல்லக்கூடாது. நீ இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

"அவரோட தாத்தாவுக்கும் அதே பேருதான்" என்றார். "அந்த மனுஷனுக்கு ரெண்டு புள்ள. பெரியவன மாமன்கிட்ட வுட்டாங்க. அவன் வம்சந்தான் நாங்க. சின்னது கைக்குழந்தை. தூக்கிக்கினு பட்டணம் பக்கம் நடந்தாங்க. தாய்க்காரி வண்டலூர் தாண்டல. கெடச்ச கஞ்சியெல்லாம் கொழந்தைக்கே ஊத்திட்டா. கொழந்தையும் பொழைக்கலன்னு கூடப் போனவங்க வந்து சொன்னாங்க. அவளுக்குப் புடவை வைக்கிறோம். பக்கத்துல சின்ன இலை போட்டுப் புள்ளைக்குப் பால் சோறு."

அந்தக் கைக்குழந்தைதான் என் தாத்தா. எனக்குப் பத்து வயசு ஆகும்வரை இருந்தார்.

அதைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார்.

"அக்கான்னு கூப்பிடாத. நான் உனக்கு அண்ணி."

"அப்ப ஏன் அண்ணி, தாத்தா பாவாடை வச்சாரு?"

"அவர வளத்தது யாரு?"

"அவங்க அம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மாதான் வண்டலூரிலேயே போய்விட்டாளே.

"ரெண்டாந்தாரமா வந்தவ தன் புள்ளையாவே வளத்திருக்கா" என்றார் அண்ணி. "புடவை வச்சா யாருக்குன்னு புள்ள கேக்கும். உன்னைப் பெத்தவளுக்குன்னு சொல்லணும். மனசு வந்திருக்காது. அத்தைன்னு சொல்லிப் பாவாடை வச்சிட்டாங்க."

அண்ணி சொன்னது அவ்வளவுதான். பார்த்தவர் யாரும் இல்லை. நான் நம்புகிறேன்.

அடுத்த வாரம் அண்ணியே புறப்பட்டு வந்தார். என்னோடு மாப்பிள்ளை வீட்டுக்கும் வந்தார். "கன்னியில்லம்மா, ரெண்டு பெத்தவ" என்று முழுக்கதையும் சொன்னார்.

"தனக்குன்னு கொஞ்சங்கூட வச்சிக்கலையா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்திரிகை அடிக்கக் குடுங்க. புடவை நான் எடுக்கறேன்."

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிணற்றடியில் அவளைக் கூப்பிட்டோம். வீட்டில் அரக்குப் புடவை வைத்து இலை போட்டோம். அண்ணி பழக்கத்தில் பக்கத்தில் சின்ன இலை போட்டார். என் மனைவி தடுத்தாள்.

"அக்கா, அவரு கெழவனாகித்தான் செத்தாரு. பால் சோறு வச்சா கோச்சிக்குவாரு. பெரிய இலையா போடு, கருவாட்டுக் கொழம்பு ஊத்து."

அண்ணி சிரித்தார். அழவும் செய்தார். பெரிய இலை போட்டார்.

கற்பூரம் ஏற்றப் போனேன். மகள், "இருப்பா" என்றாள். "வளத்தவங்களுக்கு இலை இல்லையா?"

எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது இலை போட்டோம். ஆனால் புடவை ஒன்றுதான் இருந்தது. மனைவி எழுந்து உள்ளே போனாள். கல்யாணத்தன்றைக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த தன் புதுப்புடவையைக் கொண்டுவந்து அந்த இலை முன்னால் வைத்தாள்.