வலி இல்லாத கால்

சனிக்கிழமை காலை ஆம்பூரில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, சாம்பியன் ரீப்ஸில் இறங்கும்போது மணி பத்தரை. மாறிய பிறகு பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஸ்டேஷனுக்கு வெளியே, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி கண்ணை உறுத்தியது.

பெங்களூரில் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த தேவாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் காலில் புண் ஆறவில்லை என்று மனைவி அமுதா போனில் அழுதிருந்தாள்.

கதவைத் திறந்ததுமே நாற்றம். தேவா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதம் முழுக்கப் பச்சை விழுது. வீட்டுக்குப் பின்னால் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு.

"வா வா. எங்கப்பா சொரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சி வந்து இதத்தான் கசக்கி வெப்பாரு. மூணே நாள்ல ஆறிடும். எனக்கும் பாரு, வலியே இல்ல."

விரல்கள் கறுத்திருந்தன. அவனுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். "கிளம்பு" என்றேன்.

கோலார் ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எழுநூறு கேட்டார். நாற்றம் தாங்காமல் பாதி வழியில் பக்கத் திரையைச் சுருட்டிக் கட்டினார்.

சர்க்கரையால் நரம்பு செத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும்.

"நாந்தானே தெனம் அரைச்சி வெச்சேன்" என்று அமுதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ இன்னா பண்ணுவ? ஆஸ்பத்திரி போனா கால எடுத்துடுவாங்கன்னு நாந்தான் பயந்துக்கினு இருந்தேன்" என்றான் தேவா.

ஞாயிறு காலை ஆபரேஷன் முடிந்தது. வெட்டி எடுத்த காலை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா, நாங்களே அப்புறப்படுத்தவா என்று கேட்டார்கள்.

"குப்பையில போட வேணாம் அண்ணே. நம்ம ஊர் மண்ணுலயே பொதைச்சிடுங்க" என்றாள் அமுதா.

துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். சாம்பியன் ரீப்ஸ் இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் பொட்டலத்தின் அளவைப் பார்த்தார்.

"கொழந்தையாங்க?"

"இல்லைங்க. என் சிநேகிதனோட கால்."

கடப்பாரையை எடுத்தார். முழு ஆளுக்கு வெட்டுகிற ஆழத்துக்கே வெட்டினார். கூலி வேண்டாம் என்றார்.

மாலை பங்காருப்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அமுதா போனில் கூப்பிட்டாள்.

"கண்ணு முழிச்சிட்டாரு அண்ணே. எங்க பொதைச்சீங்கன்னு கேக்கறாரு. நடக்க ஆரம்பிச்சதும் போய்ப் பாக்கணுமாம்."

இடத்தைச் சொன்னேன். ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து என் வீடு நடக்கிற தூரம்தான். அன்று இரவு அந்தத் தூரத்தை என்னால் நடக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துத்தான் போனேன்.