ஆஹெனில் நான் ராட்சசர்களை மேய்த்த கதை

மற்ற வேலைகளில் ஒரு மேலதிகாரிதான் இருப்பார், அவரைச் சமாளித்தால் போதும். கேம் மாஸ்டர் வேலையில் எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் மேலதிகாரிகள், அதிலும் என் விஷயத்தில் நான் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அதிகாரம் செய்தவர்கள்.

இந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மேஜை. ஒருவன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள்" என்று கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களைப் பாவித்துக்கொண்டு, "நான் உள்ளே போகிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்பார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவன்தான் கேம் மாஸ்டர். எழுபதுகளின் கடைசியில், ஜெர்மனியில் ஆஹென் நகரத்து மாணவர் விடுதி ஒன்றின் பொதுச் சமையலறையில், திருச்சிக்காரனான நான் அந்தப் பதவியில் இருந்தேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள்.

பதவி வந்த விதம்

மெக்கானிக்கல் ஆராய்ச்சிக்கு நான் அங்கே போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மாடியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், மாலையில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், நடுவில் ஒன்றும் கிடையாது. என் ரசம் கொதிக்க ஆரம்பித்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவார்கள். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கழுவி வைப்பேன். விடுதிக்குள் தமிழோ ஜெர்மனோ, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச ஆள் இல்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

எதிர் அறை வோல்ப்காங் விடுமுறைக்கு லண்டன் போனவன், இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்தையும் பல முகங்கள் உள்ள பகடைகளையும் வாங்கி வந்தான். புத்தகம் முழுக்க ஆங்கிலம், அதிலும் பொடி எழுத்து. ஒரு நாள் என் கதவைத் தட்டினான். அதுவரை யாரும் தட்டியதில்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய்த் திறந்தேன். அவன் புத்தகத்தை என் கையில் திணித்து, "உனக்கு ஆங்கிலம் தெரியும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்கு வேறு வேலையும் கிடையாது, அதனால் நீதான் நடத்துகிறாய்" என்றான்.

ராஜா வேண்டாம் என்றார்

முதல் ஆட்டத்துக்கு ராப்பகலாக உழைத்தேன். ஒரு வயதான ராஜா. மலையிலிருந்து ராட்சசர்கள் இறங்கி வந்து அவருடைய ஊரைக் கொளுத்தப் போகிறார்கள். வீரர்கள் அரண்மனைக்கு வருகிறார்கள். கட்டடக் கலை படிக்கும் உல்ரிக்கே தன் வாள்வீராங்கனையின் சார்பில், "அரசே, உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்று கேட்டாள். ராஜாவுக்கு நான்தான் பேச வேண்டும். மானமுள்ள மனிதர், எடுத்த எடுப்பில் ஆமாம் என்பாரா? "அதெல்லாம் எதற்கு, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்" என்று சொல்ல வைத்தேன். இவர்கள் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள், ராஜா கண்கலங்கி ஒப்புக்கொள்வார் என்பது என் திட்டம்.

"சரி" என்றார்கள். குதிரை ஏறினார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பாலாடைக்கட்டி விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ராட்சசர்கள் வந்தாக வேண்டும், வந்தார்கள். ஊர் எரிந்தது, ராஜாவும் போய்ச் சேர்ந்தார். ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு தடவை கூடக் கேட்கக்கூடாதா என்று நான் கேட்டேன். உல்ரிக்கே என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வயதில் பெரியவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார், அவர் சொல்லுக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள்

அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்களுக்கு ஒரு பழக்கம். கூட்டம் போட்டாலும், நாடகம் போட்டாலும், சமையலறை அடுப்பைத் துடைத்தாலும், முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குறை சொல்வார்கள். எனக்கு இது தெரியாது. ஆட்டம் முடிந்தது, வந்தவர்கள் பசியோடு போகக்கூடாதே என்று எலுமிச்சம்பழச் சாதம் பரிமாறினேன். வோல்ப்காங் வாய் நிறையச் சோற்றோடு ஆரம்பித்தான்: என் ராட்சசர்கள் எல்லாருக்கும் ஒரே குரல். உல்ரிக்கே: நான் வரைந்த அரண்மனைக்குக் கழிவறையே இல்லை. மூன்றாமவன் பெர்ண்ட், அரசியல் படிக்கிறவன், இரண்டாவது தட்டுச் சாதம் வாங்கிக்கொண்டு, கதையே பிற்போக்கானது என்றான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. முகத்துக்கு நேரே, அதுவும் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே! அவ்வளவுதான், இனி யாரும் வரமாட்டார்கள், மறுபடி தனிச் சமையல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்த செல்வராஜ் என் நண்பன், பாளையங்கோட்டைக்காரன், வேறு விடுதியில் இருந்து கெமிஸ்ட்ரி செய்தவன். எல்லாரும் போனபின் அவன் வாய் பிளந்தபடி, "டேய் கோபாலு, எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்ககூட கை கழுவுற வரைக்கும் வெயிட் பண்ணித்தான்டா குறை சொன்னாங்க!" என்றான்.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் மூன்று பேரும் வந்து நின்றார்கள், பசியோடு.

சுரங்கத்தில் வேலைநிறுத்தம்

இதற்குள் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. ஒரு சுரங்கம் தயார் செய்தேன். அதைக் காக்கும் குட்டிப் பூதங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல், பெரிய சண்டை. பரிசோதனைக்கூடத்தில் என் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதும் பூதங்களின் குரலைத்தான் பழகினேன். என் புரொபஸர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீரர்கள் சுரங்கத்துக்குள் நுழைந்தார்கள். யாரும் வாளை உருவவில்லை. பெர்ண்ட் முதல் பூதத்திடம், "உங்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு?" என்று கேட்டான். விடுப்பே இல்லை என்று பூதம் சொன்னது. அவ்வளவுதான். பூதங்களுக்குச் சங்கம் அமைத்தார்கள், கோரிக்கைகள் எழுதினார்கள், வோல்ப்காங்கின் மந்திரவாதி செயலாளரானான், சுரங்க வாசலில் மறியல். நான் எழுதி வைத்த சண்டை அத்தனையும் குப்பை. கடைசியில் பூதங்கள் முதலாளியிடம் பேச்சுவார்த்தைக்குப் போகத் தயாரானபோது நான் என் குறிப்புகளைப் புரட்டினேன், முதலாளி என்று அதில் யாருமே இல்லை. பெர்ண்ட் என் திகைப்பைப் பார்த்து நிஜமாகவே அதிர்ந்துபோனான்: "இத்தனை பூதங்களை வேலைக்கு வைத்தாய், முதலாளி யாரென்று நீ யோசிக்கவே இல்லையா?"

நண்பனைக் கொன்றேன்

பார்த்துப் பார்த்து ஆசை வந்து செல்வராஜும் ஆட்டத்தில் சேர்ந்தான். சேர்ந்த அன்றே கயிற்றுப் பாலத்தில் ஓடினான். பகடையை உருட்டினான், ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் பள்ளம், பள்ளத்தில் விழுந்தால் சாவு. மூன்று ஜெர்மானியர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நம்ம பையன் கைவிடமாட்டான் என்கிற சிரிப்பு. "விழுந்துவிட்டாய், செத்துவிட்டாய்" என்றேன்.

அவன் எழுந்தான், தட்டைக் கழுவினான், கோட்டை மாட்டினான். வாசலில் நின்று, "டேய், உங்க அம்மா அனுப்புன ஊறுகாயில பாதிய எனக்குக் குடுத்தவன்டா நீ, ஒரு கயித்தப் புடிச்சுக்க விடமாட்டியா?" என்றான்.

கிரகாம் வந்தான்

நான் பயந்துகொண்டிருந்தது கடைசியில் நடந்தது. கிரகாம் என்கிற ஆங்கிலேயன் ஒரு செமஸ்டருக்கு எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தான். ஊரில் இந்த ஆட்டத்தை நடத்திப் பழகியவன். வர்ணம் தீட்டிய ஈயப் பொம்மைகளைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தான். ஜெர்மனும் நன்றாகப் பேசினான். "இந்த வாரம் அவன் நடத்தட்டுமே" என்றான் வோல்ப்காங். மறுப்பு சொல்ல நான் யார்? ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதற்காகக் கிடைத்த பதவி. இதோ, ஆங்கிலேயனே வந்துவிட்டான்.

அன்றைக்கு நானும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஆடினேன். அற்புதமாக நடத்தினான். ஒவ்வொரு ராட்சசனுக்கும் ஒரு குரல். அவனுடைய ராஜா கேட்ட உடனே உதவி வேண்டும் என்றார். முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்தோம். நான் காத்திருந்தேன், கொஞ்சம் ஆசையோடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்ப்காங், "நன்றாக இருந்தது" என்றான். உல்ரிக்கே, "மிக அழகான பொம்மைகள்" என்றாள். பெர்ண்ட், சாட்சாத் பெர்ண்ட், "நன்றி" என்றான். ஒரு குறை இல்லை! எனக்கு உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது. இத்தனை மாதம் ஒவ்வொரு வாரமும் என்னைப் பிய்த்துப் போட்டவர்கள்.

சாதம் வடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சோப்பு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இனி வெள்ளிக்கிழமை ரசத்தை நானே குடிக்க வேண்டியதுதான். வோல்ப்காங் பின்னாலேயே வந்து துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். அடுத்த வாரம் என்ன கதை வைத்திருக்கிறாய் என்று சாவகாசமாகக் கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், கிரகாமிடம் ஒரு குறை கூட இல்லையே, அவனே நடத்தட்டும் என்றேன். வோல்ப்காங் துடைப்பதை நிறுத்திவிட்டான். நான் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

"அவன் விருந்தாளி, கோபால். விருந்தாளியிடம் யாராவது குறை சொல்வார்களா? நீ ஒழுங்காக வெள்ளிக்கிழமை வந்து சேர், உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது."

இந்தத் தொழிலில் நான் கற்றுத் தேர்ந்த வித்தை மொத்தமும் இவ்வளவுதான்: பாராட்டினால் பயப்பட வேண்டும், பிய்த்துப் போட்டால் உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட வேண்டும்.